கேள்வி ஞானமும் ஒரு கத்தைக் காகிதமும்: டேனிஷ் ஜாஸ் கிட்டார் கலைஞர் ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவு பற்றி

கோபன்ஹேகனில் இசைக்கலைஞர்களுக்கு வரிக்கணக்கு எழுதிக் கொடுக்கும் சின்ன அலுவலகம் ஒன்றில் 1992 முதல் வேலை பார்த்தேன். சம்பளச் சீட்டு, ரயில் டிக்கெட், வாத்தியத் தந்தி வாங்கிய பில் இவற்றோடு பலர் தங்கள் நாட்குறிப்பையும் மேசைமேல் போட்டுவிட்டுப் போவார்கள். எந்த இரவு எங்கே வாசித்தார், யார் கூப்பிட்டார் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒருவருடைய தொழில் இறங்கத் தொடங்குவது சில சமயம் அவருக்கு முன்பே கணக்கு எழுதுபவருக்குத் தெரிந்துவிடும்.

இங்கே எழுதப்போவது அப்படி வந்த ஒருவரைப் பற்றி. ஜாஸ் கிட்டார் வாசிப்பவர், யாரிடமும் பாடம் கேட்காதவர். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்கள் இல்லை. ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய ஓரிரு விவரங்களையும் விட்டுவிட்டேன்.

பின்னணி

1960-களின் தொடக்கத்தில் டென்மார்க்கின் ஜட்லாண்ட் தீபகற்பத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். அப்பாவுக்கு டிராக்டர் பழுதுபார்க்கும் பட்டறை. வீட்டில் பாடுகிறவர், வாசிக்கிறவர் என்று யாரும் இல்லை. பதிமூன்று வயதில், அண்ணன் விட்டுவிட்டுப் போன கிட்டார் கைக்கு வந்தது.

பாட்டி வீட்டில் ஒரு பழைய ரெக்கார்ட் பிளேயர் இருந்தது. நிமிடத்துக்கு 78, 45, 33 சுற்று ஆகியவற்றுக்குக் கீழே 16 என்று இன்னொரு வேகமும் அதில் உண்டு. 33⅓-இல் சுற்ற வேண்டிய தட்டை 16⅔-இல் போட்டால் வேகம் சரிபாதியாகிவிடும். பாட்டும் சரியாக ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். ஸ்ருதி அதேதான் என்பதால் கூடவே வாசிக்க முடியும். அமெரிக்க கிட்டார் கலைஞர்களின் சோலோக்களை அவர் இப்படித்தான் பிடித்தார். நான்கு சுரம் கேட்பது, ஊசியைத் தூக்குவது, தேடுவது, மறுபடி ஊசியை வைப்பது. அந்தத் தட்டுகளில் ஒன்றை எனக்குக் காட்டியிருக்கிறார். கறுப்பு வட்டில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் சாம்பல் நிறமாகத் தேய்ந்திருந்தது. சோலோ இருந்த இடம் அது.

பல சுரங்களைச் சேர்த்து மீட்டும் கார்ட்களின் பெயர் தெரியாது, அதனால் தானே பெயர் வைத்துக்கொண்டார். பக்கத்துப் பண்ணையில் பால் கறக்கும் நேரத்தில் விரலில் அகப்பட்ட ஒன்றுக்குத் 'தொழுவம்' என்று பெயர். இன்னொன்று 'பஸ்', மற்றொன்று 'பாட்டி'. கிட்டத்தட்ட நாற்பது பெயர்கள். அவருக்குள் அது ஒரு முழு மொழி. அதைப் பேச உலகத்தில் இன்னொரு ஆள் இல்லை என்பதுதான் பின்னால் வந்த சிக்கல்.

நாம் கேள்வி ஞானம் என்கிறோமே, அதற்கு டேனிஷில் 'கெஹோர்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதன் வேரும் கேட்டல்தான். அவருக்கு அது அபாரமாக இருந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இந்த ஆய்வில் வருகிற எதையும் திறமைக் குறைவு என்று படிக்க வேண்டாம்.

கோபன்ஹேகனுக்கு வந்தது, முதல் முடிவு

1983-இல் தலைநகருக்கு வந்தார். அந்த ஊருக்கு ஜாஸில் ஏற்கெனவே ஒரு கதை உண்டு. 1959-இல் ஸ்டோர ரெய்னகேட தெருவில் நிலைபெற்ற மோன்மார்த்ர கிளப்பால் அமெரிக்க மேதைகள் பலர் அங்கே வந்து தங்கினார்கள். பேஸ் கலைஞர் ஆஸ்கர் பெட்டிஃபோர்ட் 1960-இல் அந்த ஊரில்தான் இறந்தார். சாக்ஸபோன் கலைஞர் டெக்ஸ்டர் கார்டன் பல ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். இன்னொரு சாக்ஸபோன் கலைஞர் பென் வெப்ஸ்டரின் கல்லறையும் அங்கேதான். ஊர்ப் பையன்கள் இவர்கள் பின்னால் மேடையில் நின்றே தொழில் கற்றார்கள். 1972-இல் ஸ்டீபிள்சேஸ் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கியது. இசைக்கென்றே ஒரு தனிச் சட்டத்தை 1976-இல் டென்மார்க் இயற்றியது. 1979-இலிருந்து ஒவ்வொரு ஜூலையிலும் ஜாஸ் விழா.

நம்மவர் நேராகப் போனது கொம்பானிஸ்த்ரேட தெருவில் உள்ள லா ஃபோன்டேன் கிளப்புக்கு. சின்ன இடம், விடியும் வரை ஜாம், அதாவது ஒத்திகையில்லாமல் கூடி வாசிப்பது, நடக்கும். யார் வேண்டுமானாலும் மேடையேறலாம், ஆனால் இரண்டாவது தடவை கூப்பிடுவார்களா என்பது முதல் பாட்டில் முடிவாகிவிடும். அவரைக் கூப்பிட்டார்கள்.

1986-இல் கோபன்ஹேகனில் ரிதமிக் இசைக்கல்லூரி தொடங்கப்பட்டது. ஜாஸ், ராக் போன்ற இசைகளுக்கு முறையான உயர்கல்வி. நண்பர்கள் சிலர் விண்ணப்பித்தார்கள், அவர் விண்ணப்பிக்கவில்லை. காரணம் கேட்டபோது சொன்னது: வாரத்தில் ஐந்து இரவு வேலை இருக்கிறது, அதைவிட்டுவிட்டு எதற்குப் பள்ளிக்கூடம்? உள்ளே இன்னொரு காரணமும் இருந்தது, அதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் சொன்னார். நுழைவுத் தேர்வில் இசைக்குறிப்பு எழுதிய காகிதத்தை நீட்டிவிடுவார்களோ என்ற பயம். அதைப் படிக்க அவருக்குத் தெரியாது.

அன்றைய நிலைமையில் அது தப்பான முடிவு என்று இப்போதும் நான் சொல்லமாட்டேன்.

வேலை குவிந்த காலம்

1985-க்கும் 1995-க்கும் இடையே அவர் ஊரில் அதிகம் தேடப்பட்ட பக்கவாத்தியக்காரர்களில் ஒருவர். குறிப்பாகப் பாடகிகளுக்கு அவர் மேல் உயிர். காரணம் எளிது. மேடை ஏறிய பிறகு பாடகி திரும்பி, இன்று தொண்டை சரியில்லை, ஒரு கட்டை இறக்கலாமா என்று கேட்டால், நொட்டேஷன், அதாவது எழுதிய இசைக்குறிப்பு, பார்த்து வாசிப்பவர் ஒரு நொடி விழிப்பார். இவர் கையை இரண்டு ஃப்ரெட் (கிட்டார் கழுத்தின் குறுக்குக் கம்பி) கீழே நகர்த்திவிட்டுச் சிரிப்பார். விரல் வைக்காமல் மீட்டும் திறந்த தந்தியை நம்பாத கை என்பதால் எல்லா ஸ்ருதியும் அவருக்கு ஒன்றுதான்.

கணக்குப் பக்கம் நிலைமை வேறு. டென்மார்க்கில் இந்த மாதிரி நிகழ்ச்சிக் கட்டணங்களில் பெரும்பாலும் வரி பிடிக்காமலேயே பணம் கைக்கு வரும். தவணை தவணையாக நாமே முன்கூட்டிக் கட்ட வேண்டும். அவர் கட்டவில்லை. முதல் தடவை என் மேசைக்கு வந்தபோது பிரிக்காத அரசாங்க உறைகள் ஒரு ஷூ டப்பா நிறைய இருந்தன. தானே அமைத்த மெட்டுகள் மேடைகளில் ஒலித்துக்கொண்டிருந்தன. ஒன்றைக்கூட கோடாவில் பதிவு செய்திருக்கவில்லை. கோடா என்பது மெட்டமைப்பவர்களுக்கு உரிமைத்தொகை வசூலித்துத் தரும் அமைப்பு. பதியாத பாட்டுக்கு யாரும் பணம் அனுப்பமாட்டார்கள்.

காகிதம் என்றால் ஒதுங்குவது அவருக்கு இசையில் மட்டும் இருந்த பழக்கம் இல்லை. அதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

கவனித்தது

1994 வாக்கில் நாட்குறிப்பில் ஒரு மாற்றம் தெரிந்தது. இரவுகளின் எண்ணிக்கை அவ்வளவாகக் குறையவில்லை. ஆனால் கூப்பிடுகிறவர்கள் நான்கைந்து பேராகச் சுருங்கியிருந்தார்கள். புதுப் பெயர்களே இல்லை. இளைய தலைமுறை இசைக்கல்லூரியிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது. அவர்கள் ஒத்திகைக்கு மெட்டைக் காகிதத்தில் கொண்டுவந்தார்கள். மாறுகிற தாளக்கட்டு, ஏழு பார், ஒன்பது பார் (தாளக்கட்டின் ஒரு சுற்று ஒரு பார்) என்று வளைகிற அமைப்பு. பழைய 32 பார் பாட்டுகள் காதுக்கு மனப்பாடம். இவை அப்படியில்லை.

அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பேஸ் வாசிக்கும் நண்பர் புது மெட்டுகளை முன்கூட்டியே கேசட்டில் வாசித்துக் கொடுப்பார். இவர் வீட்டில் கேட்டு மனப்பாடம் செய்து, மேடையில் காகிதத்தைத் திறந்துவைத்துப் பார்ப்பதுபோல் பாவனை செய்வார். சரியான இடத்தில் பக்கத்தைத் திருப்பவும் பழகிக்கொண்டார். இது மூன்று ஆண்டுகள் ஓடியது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நொட்டேஷன் தெரியாத மேதைகளின் பட்டியலை எல்லோரும் ஒப்பிப்பார்கள்: ஜாங்கோ ரைன்ஹார்ட், வெஸ் மான்ட்கோமரி, எரால் கார்னர். உண்மைதான். ஆனால் அவர்களுடைய புகழெல்லாம் தங்கள் பெயரில் வாசித்தபோது வந்தது. குழு அவர்களுக்கேற்ப வளைந்தது. பக்கவாத்தியக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. அடுத்தவர் எழுதிய காகிதத்துக்கு அவர்தான் வளைய வேண்டும். நம்மவர் தன்னை ஒப்பிட்டுக்கொண்டதெல்லாம் முதல் வகையோடு, பிழைப்பு இரண்டாவது வகையில்.

கிட்டாருக்கென்று ஒரு தொல்லையும் உண்டு. பியானோவில் ஒரு சுரத்துக்கு ஒரே கட்டை. கிட்டாரில் முதல் தந்தியைத் திறந்து மீட்டினால் வருகிற அதே 'ஈ' சுரம், இரண்டாம் தந்தியில் 5-ஆம் ஃப்ரெட்டிலும், மூன்றாவதில் 9-இலும், நான்காவதில் 14-இலும், ஐந்தாவதில் 19-இலும் கிடைக்கும். காகிதத்தில் ஒரே புள்ளி, கைக்கு ஐந்து வாசல். படிக்கத் தெரிந்த கிட்டார் கலைஞர்களே கண்டதும் வாசிப்பதில் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1997 இலையுதிர்காலம்: அந்த மதியம்

ஓர் இசைநாடக அரங்கின் குழுவில் கிட்டார் வாசிப்பவருக்கு உடம்பு சரியில்லை. பதிலாளாக இவரைக் கூப்பிட்டார்கள். ஆறு வார வேலை, நல்ல சம்பளம், மாலை ஏழுக்குத் தொடங்கிப் பத்தரைக்கு வீட்டில் இருக்கலாம். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. கேட்டவுடன் சரி என்றுவிட்டார். நோட்ஸை முன்கூட்டி அனுப்ப முடியுமா என்று கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும்.

அவர் கணக்கு இது: ஒத்திகையில் முதல் தடவை எல்லோரும் முழுதாக வாசிப்பார்கள். அப்போது லேசாகத் தட்டிக்கொண்டே காதில் வாங்கிவிடலாம். இரண்டாம் தடவை எல்லாம் கைக்கு வந்துவிடும். வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் வெறும் துணிச்சல் என்றிருப்பேன். அவரால் அது முடிந்திருக்கும்.

முதல் தடவை என்பதே அன்று நடக்கவில்லை. மற்றவர்கள் நாற்பது காட்சி ஆடியவர்கள். அவர்களுக்கு ஒத்திகை தேவையில்லை. நடன அமைப்பில் மாறியிருந்த ஒரு துண்டை மட்டும் சரிபார்க்கக் கூடியிருந்தார்கள். நடத்துனர் கோலைத் தூக்கி, "டி எழுத்திலிருந்து" என்றார். எண்பது பக்கக் கத்தையில், பகுதிகளைக் குறிக்கும் எழுத்துகளில் டி எங்கே என்று தேடுவதற்குள் நான்கு எண்ணிக்கை முடிந்துவிட்டது. அந்த இடத்தில் கிட்டாரும் புல்லாங்குழலும் ஒரே வரியைச் சேர்ந்து வாசிக்க வேண்டும். புல்லாங்குழல் தனியாகப் போனது.

நடத்துனர் நிறுத்தினார். மறுபடி டி. இந்த முறை, கேட்ட வரியின் முதல் இரண்டு பாரைச் சரியாகவே வாசித்தார், அதுவும் அழகாக. மூன்றாவது பாரிலிருந்து ஒன்றும் இல்லை. புல்லாங்குழல் வாசித்த பெண் அவர் பக்கம் திரும்பி, பிறகு காகிதத்தைப் பார்த்தார். அவர் ஸ்டாண்டில் வேறு பக்கம் திறந்திருந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பத்து நிமிட இடைவேளை விட்டார்கள். மேலாளர் வந்து மிகவும் மரியாதையாகப் பேசினார். அன்றைய பணத்தைக் கொடுத்தார்கள். கிட்டார் பகுதியை அன்று கீபோர்டுக்காரர் சமாளித்தார்.

அரங்கின் மேல் நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் கூப்பிட்டது படிக்கத் தெரிந்தவர் என்று நினைத்து. அவர் மறுக்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அதன்பின் இரண்டு மாதம் தொலைபேசி அநேகமாக ஒலிக்கவில்லை. சின்ன ஊர், செய்தி நடந்தே வந்துவிடும். ஜனவரியில் அலுவலகத்துக்கு வந்தவர் ரசீதுகளை வைத்துவிட்டு உட்கார்ந்தே இருந்தார். அன்றுதான் முழுக் கதையையும் சொன்னார்.

மூன்று வழிகள் பேசினோம். இசைக்கல்லூரியில் சேர்வது: வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது, குழந்தை இருக்கிறது, மனைவியின் செவிலியர் சம்பளம் ஒன்றில் குடும்பம் ஓடாது. தெரிந்த நான்கைந்து பேரோடு மட்டும் வாசிப்பது: அவர்களில் இருவர் அறுபதைத் தாண்டியவர்கள். மூன்றாவது, படிக்கக் கற்பது. இதைத் தேர்ந்தெடுத்தார். அதற்கு ஒரு நிபந்தனையும் வைத்தார்: ஜாஸ்காரர் யாரிடமும் கற்கமாட்டேன். கௌரவம்தான். நான் எதிர்த்துப் பேசவில்லை.

அவர் குடியிருந்த பகுதித் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துவந்தவர் ஒரு மூத்த பெண்மணி. அவருக்கு நேர்மாறான குறை: காகிதம் இல்லாமல் ஒரு சுரம்கூட வாசிக்கத் தெரியாது. ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுப்பது என்று பேச்சு. காசு இல்லை, காபியும் ரொட்டியும் மட்டும்.

அந்த அம்மையார் செய்த இரண்டு காரியங்கள் கவனிக்கத்தக்கவை. முதல் ஆறு வாரம் சுரங்களைத் தொடவே விடவில்லை. கைதட்டித் தாளத்தை மட்டும் படிக்கவைத்தார். சுரம் தவறினால் காது திருத்திவிடும், எண்ணிக்கை தவறினால் ஆளே தொலைந்துபோவார் என்பது அவர் வாதம். அரங்கில் நடந்ததும் அதுதான். இரண்டாவது, கையை 5-ஆம் ஃப்ரெட்டில் நிறுத்தி, அங்கிருந்து நகரக் கூடாது என்றார். அந்த ஓர் இடத்திலேயே இரண்டு ஸ்தாயிக்கு மேல் கிடைக்கும். ஐந்து வாசலில் நான்கைப் பூட்டியாயிற்று.

பாடப்புத்தகம் தேவாலயத்தின் கோரல் புத்தகம். நான்கு குரல்களில் எழுதிய துதிப்பாடல்கள். தினம் காலையில் குழந்தை எழுவதற்கு முன் இருபது நிமிடம். மேல் குரல் எல்லோருக்கும் தெரிந்த மெட்டு, அதைக் காது முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறது என்பதால், நடுவில் ஒளிந்திருக்கும் டெனர் குரலைப் படிக்கச் சொன்னார்.

பின்விளைவு

தாளம் வந்துவிட்டது என்று சொல்லப் பதினான்கு மாதம் ஆயிற்று. கண்டதும் வாசிப்பவராக அவர் கடைசிவரை ஆகவில்லை. ஆனால் காகிதத்தில் தொலைந்துபோகாதவராக ஆனார். முக்கியமாக, கூப்பிடுகிறவர்களிடம் ஒரு வாக்கியம் சொல்லக் கற்றுக்கொண்டார்: மூன்று நாள் முன்பு நோட்ஸ் அனுப்புங்கள், வருகிறேன். பெரும்பாலோர் அனுப்பினார்கள். அனுப்ப முடியாத இடத்துக்கு அவர் போகவில்லை. 1999 நாட்குறிப்பில் புதுப் பெயர்கள் மறுபடி வரத் தொடங்கின.

எதிர்பாராத நன்மை ஒன்று. கோரல்களின் நடுக்குரல்கள் அவர் பின்னணி வாசிப்பையே மாற்றிவிட்டன. ஆறு தந்தியையும் அடித்துக்கொண்டிருந்தவர் இரண்டு மூன்று சுரங்களை மட்டும் எடுத்து, ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு அரை ஃப்ரெட் நகர்வதுபோல் மெல்ல நகர்த்தினார். இது நடுக்குரல் படித்த கை என்று சங்கீதம் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

நஷ்டமும் இருந்தது. 2000 வாக்கில் ஒரு கச்சேரி முடிந்து பேஸ் நண்பர் முகத்துக்கு நேரே சொன்னார்: "இப்போதெல்லாம் நீ என்னைக் கேட்பதில்லை, காகிதத்தைக் கேட்கிறாய்." கண் வேலை செய்யும்போது காது ஓய்வெடுக்கத் தொடங்கியிருந்தது. தெரிந்த பாட்டுக்கு ஸ்டாண்டை மேடையிலிருந்தே அகற்றிவிடுவது என்று வைத்துக்கொண்டார். அப்புறம்தான் சரியானது.

அந்த அம்மையார் அவருடைய பதினொரு மெட்டுகளை எழுதிக் கொடுத்தார். 'தொழுவம்' என்ன என்பது அப்போதுதான் தெரிந்தது: ஜி 13 என்ற கார்ட், அதன் வேர்ச்சுரமான ஜி இல்லாமல். ஒரு பக்கத்தின் ஓரத்தில் இரண்டு பெயர்களும் பென்சிலால் எழுதியிருக்கும். நான் படிவங்களை நிரப்பினேன், கோடாவில் பதிந்தோம். பெரிய பணம் இல்லை. ஷூ டப்பா உறைகளின் வரி பாக்கியைத் தீர்க்க அதில் ஒரு பங்கு போனது.

2010-இல் வேலையின்மை உதவித்தொகைக் காலம் நான்கு ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டபோது, கச்சேரி இல்லாத மாதங்களை அதை வைத்து ஓட்டிவந்த பலர் வேறு தொழிலுக்குப் போனார்கள். அவர் அதற்குள் நகராட்சி இசைப்பள்ளி ஒன்றில் வாரம் இரண்டு நாள் வேலையில் இருந்தார். பட்டம் இல்லாமல் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பட்டம் உள்ளவர்களுக்குப் பின்னால்தான் மணி நேரம் ஒதுக்குவார்கள். முப்பது ஆண்டு மேடை அனுபவத்துக்கு அந்தச் சம்பளப் பட்டியலில் இடம் இல்லை. இது எனக்கு இன்றும் உறுத்துகிறது, அவருக்கு அவ்வளவாக இல்லை.

அந்த ஆர்கன் அம்மையார் காகிதம் இல்லாமல் வாசிக்கக் கற்றாரா என்று கேட்பீர்கள். ஒரே ஒரு துதிப்பாடல். ஓய்வு பெற்ற நாளில் அதை வாசித்தார்.

இப்போது என்றால் எதை மாற்றுவது

அவரிடம் கேட்டேன். கல்லூரிக்குப் போகாததை மாற்றமாட்டாராம். கேசட் நாடகத்தை மாற்றுவாராம். அந்த மூன்று ஆண்டுகளில் ஏமாற்றச் செலவழித்த நேரம், படிக்கத் தேவைப்பட்ட நேரத்தைவிட அதிகம். பக்கம் திருப்பும் இடத்தை மனப்பாடம் செய்கிறவர் அந்தப் பக்கத்தையே படித்திருக்கலாம்.

அவர் மாணவர்களுக்கு முதல் மாதம் காகிதம் கிடையாது. இரண்டாம் மாதத்திலிருந்து கைதட்டல். கார்ட்டுக்குச் சொந்தமாகப் பெயர் வைக்கத் தடையில்லை, பக்கத்தில் ஊர்ப் பெயரையும் எழுதிவிட வேண்டும்.

பதிலாளைக் கூப்பிடுகிறவர்கள், வருவீர்களா என்பதோடு நோட்ஸ் எப்போது வேண்டும் என்றும் கேட்டுவிடலாம். அந்தக் கேள்விக்குக் கூச்சமில்லாமல் பதில் சொல்ல முடியும். படிக்கத் தெரியுமா என்ற கேள்விக்கு முடியாது.

என் பங்கும் உண்டு. 1994 நாட்குறிப்பில் பெயர்கள் குறைந்ததைப் பார்த்தவன் நான். கணக்கு எழுதுவது மட்டும்தான் என் வேலை என்று எடுத்துவைத்துவிட்டேன். அதன்பின் யார் நாட்குறிப்பைக் கொண்டுவந்தாலும், தொகையைக் கூட்டுவதற்கு முன் கூப்பிட்டவர்களின் பெயர்களை எண்ணினேன். முந்தைய ஆண்டைவிடக் குறைந்திருந்தால், காபி ஊற்றிவிட்டுக் காரணத்தைக் கேட்டேன்.